கதவுக்கு இந்தப் பக்கம்

லம்பிரிட்ஜ் பெரிய ஊர் இல்லை. ஒரு கோட்டை, ஒரு தேவாலயம், அதை ஒட்டிக் கல்லறைகள், பாப் என்பவரின் கோடாரிக் கடை, யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் வாங்கிக்கொள்ளும் பலசரக்குக் கடை ஒன்று. கிழக்கே லம் ஆறு. பாலத்தைத் தாண்டினால் கோப்ளின்கள் திரியும். பச்சை உடம்பு, குட்டைக் கால், அடித்துப் போட்டால் எலும்பும் கொஞ்சம் சில்லறையும் தேறும். கோட்டையைச் சுற்றி ஹான்ஸ் என்றொரு வேலைக்காரர் நடந்துகொண்டே இருப்பார். அந்த உலகத்தில் இரவு கிடையாது, ஆகவே ஹான்ஸுக்கு ஓய்வும் கிடையாது. எந்தக் காட்டில் எந்தக் குகையில் செத்தாலும் அடுத்த நொடி லம்பிரிட்ஜில்தான் எழுந்து நிற்போம். அதனாலேயே அந்த ஊரை அறியாதவர் யாரும் இல்லை. பெரும் பணக்காரர்களும் அங்கே வருவார்கள், பெரும்பாலும் வெறுங்கையோடு.

ரூன்ஸ்கேப் என்ற அந்த விளையாட்டை ஆண்ட்ரூ கோவர் என்ற ஆங்கிலேய இளைஞர் தன் சகோதரர் பாலின் துணையோடு எழுதி, 2001 ஜனவரி 4 அன்று இணையத்தில் ஏற்றினார். நான் உள்ளே போனது 2006-இல். அதற்கு இரண்டு வருஷம் முன்பே எல்லாவற்றையும் மாற்றி எழுதிய இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் பற்றியெல்லாம் அப்போது பத்திரிகைகளில் படித்திருந்தோம். அதற்கு சிடி வேண்டும், கிராபிக்ஸ் கார்டு வேண்டும், மாதாமாதம் பணம் வேண்டும். ரூன்ஸ்கேப்புக்கு வேண்டியதெல்லாம் ஜாவா போட்ட ஒரு பிரவுசர்தான். திருச்சியில் நாங்கள் போன பிரவுசிங் சென்டரில் எந்தக் கணினியிலும் எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாது. அட்மின் பாஸ்வேர்ட் சென்டர் அண்ணனுக்கு மட்டுமே தெரியும். ஆனால் இந்த விளையாட்டு பிரவுசருக்குள்ளேயே, ஒரு சின்னச் சதுரத்துக்குள் ஓடிவிடும். கனெக்‌ஷன் மெதுவாக இருந்தாலும் பெரிதாகக் குடி முழுகாது, ஏனென்றால் அந்த உலகத்தின் கடிகாரம் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் அடிக்கும். நாம் எவ்வளவு வேகமாக கிளிக் செய்தாலும் அடுத்த அடி வரும்வரை எதுவும் நடக்காது. அமெரிக்காவில் பிராட்பேண்டு வைத்திருந்தவனும் எங்களைப் போலவே அந்த அடிக்குக் காத்திருந்தான்.

சென்டரில் மணிக்கு 20 ரூபாய். நோட்டில் பெயர், போன் நம்பர், உள்ளே வந்த நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிளைவுட் தடுப்புகள், எழுத்து அழிந்த கீபோர்டுகள், ஒரு பக்கம் மட்டும் கேட்கும் அல்லது எதுவுமே கேட்காத ஹெட்செட்டுகள். எனவே நான் போன அந்த உலகம் ஊமை உலகம். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி இசை உண்டு, இயன் டெய்லர் என்பவர் அதில் பெரும்பகுதியைப் போட்டார் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது லம்பிரிட்ஜின் மெட்டை எங்காவது கேட்டால் ஊரெல்லாம் உருகுகிறது. எனக்கு ஒன்றும் ஆவதில்லை. என் லம்பிரிட்ஜில் சீலிங் ஃபேன் சத்தமும் பக்கத்துத் தடுப்பில் யாரோ ரெஸ்யூமே தட்டும் சத்தமும்தான் கேட்கும்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் ஒரு பயிற்சித் தீவில் இறங்கி மரம் வெட்டவும் மீன் பிடிக்கவும் கத்தி பிடிக்கவும் பழக வேண்டும். அது முடிந்ததும் ஒரு வெண்கலக் கோடாரி, சின்ன வலை, நெருப்பு மூட்டும் பெட்டி, கொஞ்சம் அம்புகள் என்று ஒரு மூட்டையைக் கொடுத்து லம்பிரிட்ஜில் விட்டுவிடுவார்கள். அதன்பிறகு யாரும் எதுவும் சொல்லித் தர மாட்டார்கள். இன்றைய விளையாட்டுகளில் எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி காட்டும், செய்ததும் கைதட்டும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. சம்பந்தமில்லாத இரண்டு பொருளைச் சேர்த்துப் பார்த்தால் கீழே ஒரு வரி வரும்: சுவாரசியமாக எதுவும் நடக்கவில்லை. அவ்வளவுதான். அந்த வரியை நான் பார்த்த அளவுக்கு வேறெந்த வரியையும் பார்த்திருக்க மாட்டேன்.

கோட்டையின் சமையல்காரரிடம் பேசியதுதான் முதல் கதை. ஹொரேஷியோ பிரபுவுக்குப் பிறந்தநாள், கேக் செய்ய வேண்டும், ஆனால் முட்டையும் பாலும் மாவும் இல்லை என்று அவர் கையைப் பிசைவார். நாம் வாங்கிவர வேண்டும். கடையில் போய் வாங்கும் வேலை என்றுதான் நினைத்தேன். முட்டைக்குக் கோழிப்பண்ணைக்குப் போக வேண்டும். பாலுக்கு வாளி எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டடிக்குப் போய்க் கறக்க வேண்டும். மாவுதான் பெரிய பாடு. ஊருக்கு வடக்கே ஒரு காற்றாலை. பக்கத்து வயலில் கோதுமைக் கதிரைப் பறித்து, ஆலையின் உச்சி மாடிக்கு ஏணியில் ஏறி, தானியத்தைத் தொட்டியில் கொட்டி, நெம்புகோலை இழுத்து, மறுபடி கீழே வரை இறங்கி, அங்கே விழுந்திருக்கும் மாவைப் பானையில் அள்ள வேண்டும். பானை இல்லாமல் போனால் மாவு கண்ணெதிரே கிடக்கும், எடுக்க முடியாது. அங்கே பானை இல்லாமல் நின்றுகொண்டிருந்தவர்கள் எப்போதும் இரண்டு மூன்று பேர் உண்டு. ‘பானை இருக்கா? ஒண்ணு தர்றியா?’ என்று உடைந்த ஆங்கிலத்தில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிரேசில்காரனோ போலந்துக்காரனோ, யார் கண்டது? மாவரைக்கிற வேலைக்காக முன்பின் தெரியாதவனோடு பேசியதுதான் இணையத்தில் நான் ஒரு அந்நியனோடு பேசிய முதல் பேச்சு.

நெருப்பு மூட்டுவதும் அப்படித்தான். மரத்தை வெட்டினால் கட்டை கிடைக்கும். கட்டையைக் கீழே போட்டு மூட்ட வேண்டும். ஆள் குனிந்து உரசுவான், பற்றாது, மறுபடி உரசுவான், மறுபடியும் பற்றாது. திடீரென்று பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் ஆள் ஓரடி மேற்கே நகர்ந்து நிற்பான். அடுத்த கட்டையை அங்கே மூட்டினால் இன்னும் ஓரடி மேற்கே. இதனால் நெருப்பு மூட்டிப் பழகுகிறவர்கள் ஊர்களின் தெருக்களில் கிழக்கிலிருந்து மேற்காக வரிசையாகத் தீ வைத்துக்கொண்டே போவார்கள். அவர்கள் பின்னால் மீன் சுடுகிறவர்கள் ஒட்டிக்கொண்டு வருவார்கள். ஒருவன் தன் பயிற்சிக்காக மூட்டிய தீயில் இன்னொருவன் தன் இறாலைச் சுட்டுக்கொள்வான். தீ அணையப் போகும் நேரத்தில் இன்னொரு கட்டையைப் போடச் சொல்லிக் கெஞ்சுவான். இரண்டு பேரும் இரண்டு திசையில் போகிறவர்கள். அந்தத் தீ எரிகிற நேரம் மட்டும் கூட்டாளிகள்.

மாட்டுத்தோல்தான் எங்கள் முதல் தொழில். ஆற்றுக்குக் கிழக்கே வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில் மாடுகளை அடித்து, தோலை உரித்து, 28 கட்டம் கொண்ட பையை நிரப்பிக்கொண்டு, அல் கரீத் என்ற பாலைவன ஊருக்கு நடப்போம். எல்லைக் கதவில் காவலர்கள் 10 காசு சுங்கம் கேட்பார்கள். அந்தப் பத்துக் காசைக் கொடுக்க மனமில்லாமல் சுற்றுவழியில் நடந்தே போனவர்களும் எங்களில் உண்டு. அங்கே எல்லிஸ் என்பவர் தோலைப் பதப்படுத்துவார். மென்தோலுக்கு ஒரு காசு, கெட்டித்தோலுக்கு மூன்று. நாங்கள் பதப்படுத்துவதில்லை, பச்சைத்தோலாகவே வங்கியில் சேர்த்துவைத்து, பெரிய ஊருக்குக் கொண்டுபோய் மொத்தமாக விற்போம்.

அந்தப் பெரிய ஊர்தான் வேராக்.

லம்பிரிட்ஜிலிருந்து வடக்கே போகும் பாதையில் வேராக்கின் தெற்கு வாசலுக்கு முன்னால் ஒரு கல்வட்டம் இருக்கிறது. அங்கே கறுப்பு மந்திரவாதிகள் நிற்பார்கள். புதியவர்களைக் கண்டால் விடமாட்டார்கள். ஒரு பை தோலோடு போய் அவர்கள் கையில் செத்து லம்பிரிட்ஜில் எழுந்தவர்கள் ஏராளம். செத்தால் மதிப்புள்ள மூன்று பொருள் மட்டும் நம்மோடு வரும், மற்றதெல்லாம் அங்கேயே கொட்டிவிடும். பழகியவர்கள் கல்வட்டத்துக்கு மேற்கே வயல் ஓரமாக ஒதுங்கிப் போவார்கள். இந்த வழியை எனக்குச் சொன்னது பக்கத்துச் சீட்டு அண்ணன். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தார். தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, ‘தம்பி, நேரா போவாதடா, இடப்பக்கமா வளைஞ்சு போ’ என்றார். அந்த வளைவு எனக்கு இன்றும் மனப்பாடம்.

வேராக்கின் மேற்கு வங்கி வாசலைப் பற்றித்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். இலவசமாக ஆடுகிறவர்களுக்குச் சந்தை என்றால் உலகம் ஒன்று, வேராக் மேற்கு வங்கி. (ஒரே வரைபடத்துக்குப் பல பிரதிகள் உண்டு. அவற்றுக்கு எண் போட்டு உலகம் என்பார்கள். ஒவ்வொன்றிலும் 2000 பேர் வரை.) அந்த வங்கியின் முன்னால் எத்தனை பேர் நிற்பார்கள் என்று எண்ண முடியாது. ஒருவர் மேல் ஒருவராக, ஒரே கட்டத்தில் நாலைந்து பேர். எல்லோர் தலைக்கு மேலும் மஞ்சள் எழுத்து. மத்தியப் பேருந்து நிலையத்தில் எல்லா ஊர்க் கண்டக்டர்களும் ஒரே நேரத்தில் கூவுவது போல் இருக்கும், சத்தம் மட்டும் இருக்காது. நிலக்கரி வாங்குகிறேன், லாப்ஸ்டர் விற்கிறேன், யூ மரக்கட்டை ஆயிரம் வேண்டும், ரூன் வாள் இருக்கிறது. வரிக்கு முன்னால் சில எழுத்துகளைச் சேர்த்தால் சொற்கள் நிறம் மாறி மின்னும், அலையலையாக ஆடும். காசுள்ள வியாபாரியா, சும்மா வந்தவனா என்பதை ஆடும் எழுத்தை வைத்தே கணிப்போம்; கணிப்பு பெரும்பாலும் பொய்க்கும்.

ஒரு பொருளுக்கு இதுதான் விலை என்று எங்கேயும் எழுதியிருக்காது. நின்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தோல் நூறு காசு என்பான் ஒருவன், எண்பதுக்கு மேல் தர மாட்டேன் என்பான் அடுத்தவன், மொத்தமாகக் கொடுத்தால் தொண்ணூறு என்று இறங்கிவருவான் மூன்றாமவன். பேரம் படிந்தால் இருவரும் ஒரு திரையைத் திறந்து பொருளையும் காசையும் எதிரெதிரே வைப்போம். ஒப்புக்கொண்டதும் இன்னொரு திரை வந்து, வைத்ததை எல்லாம் எழுத்தில் காட்டி, நிச்சயமா என்று கேட்கும். கடைசி நொடியில் பொருளை மாற்றி வைக்கிறவர்களுக்காக வந்த திரை அது. அந்த இரண்டாவது திரையில் எவ்வளவு நேரம் கண்ணை ஓட்டுகிறான் என்பதை வைத்து எதிராளி எத்தனை முறை அடிபட்டவன் என்று சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் பேரம் பேச நான் பழகியது அந்த வாசலில்தான். பள்ளிக்கூடத்து ஆங்கிலம் அங்கே உதவாது. விடுப்பு விண்ணப்பம் எழுதத் தெரிந்தவனுக்குத் தோல் விற்கத் தெரியாது.

ஏமாற்றுக்காரர்கள் இல்லாத சந்தையா? ‘உன் கவசத்துக்கு இலவசமாகத் தங்கக்கரை போட்டுத் தருகிறேன்’ என்று ஒருவன் நிற்பான். கரை போட்ட கவசம் புதையல் வேட்டையில் கிடைப்பது. யாராலும் போட்டுத் தர முடியாது. ஆனால் புதியவனுக்கு அது எப்படித் தெரியும்? கழற்றிக் கொடுப்பான், வாங்கினவன் மறைந்துவிடுவான். இன்னொருவன், ‘இந்த விளையாட்டில் நம் பாஸ்வேர்டை நாமே அடித்தால் நட்சத்திரமாகத்தான் தெரியும், பார்’ என்று ஐந்தாறு நட்சத்திரங்களை அடித்துக் காட்டுவான். நம்பி அடித்தவர்கள் உண்டு. இதற்காகவே 2006-இல் காட்டுமிராண்டிகள் கிராமத்துக்குக் கீழே ஒரு பாதாளக் கோட்டையைத் திறந்தார்கள். அதில் கதவுக்குக் கதவு கேள்வி: உன் பாஸ்வேர்டை நண்பன் கேட்டால் என்ன செய்வாய்? சரியாகச் சொன்னால்தான் கதவு திறக்கும். எல்லாத் தளங்களையும் முடித்தால் மொத்தம் 10,000 காசும் ஒரு ஜோடி பூட்ஸும். இன்று வங்கிகள் எஸ்எம்எஸ் மேல் எஸ்எம்எஸ் அனுப்பிச் சொல்லும் பாடத்தை அந்தக் கோட்டையின் கதவுகள் அன்றே சொல்லிவிட்டன, காசும் கொடுத்து.

சென்டரில் எங்களைக் கவனித்த வெளியாட்கள் குழம்பிப் போவார்கள். ‘தம்பி, டைம் முடிஞ்சிருச்சு’ என்பார் சென்டர் அண்ணன். ‘அண்ணே, ரெண்டே நிமிஷம், எல்லாத்தையும் பேங்க்ல போட்டுட்டு எந்திரிச்சிர்றேன்.’ அரைக்கால் டவுசர் போட்ட பையன் பேங்க் என்கிறானே என்று ஹால்டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்தவர் திரும்பிப் பார்ப்பார்.

வேராக்குக்கு வடக்கே ஒரு பள்ளம். அதைத் தாண்டினால் வனாந்தரம். மனிதர்கள் மனிதர்களைக் கொல்லலாம். உள்ளே போகப் போகத் திரையில் ஒரு எண் ஏறும். நம் பலத்துக்கும் எதிரியின் பலத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த எண்ணுக்குள் இருந்தால் சண்டை செல்லும். முதலில் கைநீட்டியவன் தலைக்கு மேல் மண்டையோடு தெரியும், அவன் செத்தால் அந்த மூன்று பொருள்கூடத் தேறாது. இந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது. எங்களில் மாப்ள என்று எல்லோராலும் அழைக்கப்பட்டவன் ஒருவன், புதிதாக வாங்கிய கவசத்தோடு அங்கே ஒருவனைத் துரத்தினான். எதிரி சாகக் கிடக்கும் நேரத்தில் கரண்ட் போனது. சென்டரில் யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துப்போனது. இணைப்பு அறுந்தாலும் சண்டையில் இருக்கும் ஆள் உடனே மறைய மாட்டான், கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பான். அந்தக் கொஞ்ச நேரம் போதாதா? இருட்டில் உட்கார்ந்து அவன் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கரண்ட் வந்ததும் ஓடிப்போய்த் திறந்தான். லம்பிரிட்ஜ்.

போர்ட் சாரிம் என்ற துறைமுகத்திலிருந்து கராம்ஜா தீவுக்குக் கப்பல், 30 காசு. லாப்ஸ்டர் பிடிக்க எல்லோரும் அங்கேதான் போவார்கள். தீவில் எங்களுக்கு எட்டும் இடத்தில் வங்கி கிடையாது, எனவே பை நிறைந்ததும் கப்பலேறித் திரும்ப வேண்டும். திரும்பும் காசை மறந்துவிட்டுப் போனவர்களுக்கு லூதாஸ் என்பவரின் வாழைத்தோட்டம் இருந்தது. பத்துப் பழத்தைப் பறித்துப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தால் 30 காசு கூலி. சரியாகக் கப்பல் கட்டணம். இதை யோசித்து வைத்தவர் யாரோ, அவரை நான் மனதுக்குள் பாராட்டியிருக்கிறேன். அதே வாழைப்பழப் பெட்டிக்குள் ரம் பாட்டிலை ஒளித்துச் சுங்க அதிகாரியின் கண்ணில் படாமல் கடத்துவது கடற்கொள்ளையன் ஒருவனின் கதையில் வரும். நாங்கள் எல்லோருமே அதை மிகுந்த ஈடுபாட்டோடு செய்தோம்.

ஃபாலடார் என்ற ஊரின் வெள்ளை மதிலுக்கு மேற்கே ஒரு கதவு உண்டு. அந்தப் பக்கம் டேவர்லி. கதவைத் தொட்டால், கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டும் என்று வரும். கேமலாட், ஆர்டோன், தேவதைகளின் காடு, வரைபடத்தின் பெரும்பகுதி எல்லாம் அதற்கு அப்பால். மாதம் 5 டாலர். அன்றைய கணக்குக்கு இருநூறு ரூபாய்ச் சொச்சம். சேர்த்துவிடலாம் என்றே வைத்துக்கொண்டாலும் கிரெடிட் கார்டு வேண்டும். எங்கள் யார் வீட்டிலும் அது கிடையாது. இருந்திருந்தாலும் அப்பாவிடம் போய், டிராகன் பார்க்க வேண்டும், கார்டு கொடுங்கள் என்று கேட்க முடியுமா? டிராகன் எங்கள் பக்கமும் ஒன்று இருந்தது. கிராண்டோர் தீவில் எல்வார்க். அதைக் கொல்லக் கிளம்பும்போது, தீயைத் தாங்கும் கேடயத்தை ஹொரேஷியோ பிரபுவிடம் போய் வாங்க வேண்டும், கேக்குக்கு மாவு அரைத்துக் கொடுத்தோமே அவரிடமேதான். அதைக் கொன்றால்தான் ரூன் மார்க்கவசம் அணிய முடியும். இலவசக்காரர்களுக்கு அதுதான் சிகரம். அதன்பிறகும் வேலை பார்த்துக்கொண்டே இருக்கலாம். எந்தத் திறனிலும் 99-ஆம் படிக்கு 1,30,34,431 புள்ளிகள் வேண்டும், அதில் பாதி 92-ஆம் படியில்தான் வரும். இந்தக் கணக்கு தெரிந்த நாளில் எங்களில் பலர் பிளஸ் டூவுக்குப் படிக்கப் போய்விட்டார்கள்.

டேவர்லி கதவின் முன்னால் நான் நின்றிருக்கிறேன். எதிரே கட்டணக்காரர்கள் யாரும் வரமாட்டார்கள், அவர்கள் உலகங்கள் வேறு. ஆனாலும் அப்பால் மரங்கள் தெரியும்.

2007 நவம்பர் 26 அன்று வேராக்கின் வடமேற்கில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் திறந்தது. விற்கும் பொருளையும் கேட்கும் விலையையும் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், வாங்குகிறவன் எந்த உலகத்தில் இருந்தாலும் தானாகக் கைமாறிவிடும். யாரிடமும் பேச வேண்டாம், ஏமாற வழியில்லை, விலை எல்லோருக்கும் தெரியும். டிசம்பரில் வனாந்தரச் சண்டையை நிறுத்தினார்கள், ஜனவரியில் ஆளுக்கு ஆள் கைமாற்றும் பொருளுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். காரணம் இருந்தது. விளையாட்டுக் காசை நிஜக் காசுக்கு விற்கும் கும்பல்கள், திருட்டு கிரெடிட் கார்டுகளில் கணக்குத் திறந்துகொண்டிருந்தன. அதைத் தடுக்காமல் இருந்தால் நடத்தவே முடியாது. அவர்கள் இடத்தில் யார் இருந்தாலும் ஏதாவது செய்துதான் ஆக வேண்டும்.

ஆனால் மேற்கு வங்கி சில வாரங்களில் காலியானது. கட்டடம் இருக்கிறது, கவுண்டரில் ஆள் இருக்கிறார், பணம் போடலாம் எடுக்கலாம். நின்று கத்த யாரும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்த ஊரை ஊராக வைத்திருந்தது அதன் வசதிக்குறைவுகள்தான் என்று. விலை தெரியாததால் நின்றோம். வழி தெரியாததால் கேட்டோம். பானை இல்லாததால் பேசினோம். நடக்க நேரமானதால் வழியில் ஆட்களைப் பார்த்தோம். ஒவ்வொரு குறையாகச் சரிசெய்யச் சரிசெய்ய, விளையாட்டு மேலும் மேலும் நல்ல விளையாட்டானது. ஊர்தான் இல்லாமல் போனது.

இதைச் சொல்லி முடித்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. பழைய ஊரே வேண்டும் என்று கேட்டவர்கள் நிறையப் பேர். 2007 ஆகஸ்டில் எடுத்துவைத்த ஒரு பழைய பிரதி பத்திரமாக இருந்தது. வாக்கெடுப்பு வைத்தார்கள், நாலு லட்சத்துக்கும் மேலானவர்கள் ஆதரித்தார்கள், 2013 பிப்ரவரி 22 அன்று அந்தப் பிரதியைத் திறந்துவிட்டார்கள். ஓல்ட் ஸ்கூல் என்று பெயர். எக்ஸ்சேஞ்ச் இல்லாத, எங்கள் காலத்து வேராக். அப்போது எனக்கு வேலையும் கார்டும் இருந்தன. அன்று அதற்குள் போகக் கட்டணம் கட்டியாக வேண்டும். கட்டிவிட்டால் டேவர்லி கதவும் திறக்கும்.

போனேன். மந்திரத்தில் பறந்து போகாமல், ஃபாலடாரிலிருந்து நடந்தே போனேன். கதவைத் தொட்டேன், திறந்தது. அப்பால் நாலைந்து வீடுகள், ஒரு ஏரி, ஒரு கல்வட்டம், வெள்ளை அங்கி போட்ட சில துறவிகள் மூலிகை வேலை பார்த்துக்கொண்டு. அதற்கப்பால் உண்மையிலேயே பெரிய உலகம். ஆர்டோன் சந்தையில் கேக் திருடக்கூட ஏற்பாடு உண்டு. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பக்கத்து ஜன்னலில் விக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு நடந்தேன். எங்கே வளைய வேண்டும் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் எனக்கு நினைவிருப்பவை மிகக் குறைவு. வீட்டில் நல்ல ஹெட்செட்டும் இருந்தது, இசையையும் கேட்டேன். அது விளையாட்டின் இசை, அவ்வளவுதான்.

மேற்கு வங்கியில் முதல் மாதங்களில் மறுபடி கூட்டம் கூடியது. அதே மஞ்சள் எழுத்து, அதே பேரம், அதே தங்கக்கரைக்காரன். முப்பதை நெருங்கியவர்கள் பதினைந்து வயசாக நடித்துக்கொண்டிருந்தார்கள். ஓல்ட் ஸ்கூலில் எந்தப் புது விஷயம் வர வேண்டுமானாலும் வாக்களிப்பவர்களில் 75 சதவீதம் பேர் ஆதரிக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. பழைய ஊர் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற அதே மக்களிடம், எக்ஸ்சேஞ்ச் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்றார்கள். 2015 பிப்ரவரியில் அது திரும்ப வந்தது. வாக்கெடுப்பு நடந்தபோது என் கட்டணம் காலாவதியாகியிருந்தது. இருந்திருந்தால் நானும் வேண்டும் என்றுதான் போட்டிருப்பேன். ஆபீஸ் முடிந்து வந்து அரை மணி நேரம் ஆடுகிறவன், ஆயிரம் மரக்கட்டையை விற்க ஒரு மணி நேரம் நின்று கூவ முடியுமா?

கத்துகிறவர்கள் எங்கேயும் போய்விடவில்லை. எக்ஸ்சேஞ்ச் சதுக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார்கள், பேரத்துக்கு அல்ல, கூட்டத்துக்காக. அந்த வருஷம் ஓல்ட் ஸ்கூலிலும் இலவச உலகங்கள் வந்தன; ஒருநாள் அவற்றில் ஒன்றில் அங்கே நின்றிருந்தேன். வெண்கலக் கோடாரியோடு ஒரு புதியவன் வந்து, எல்லோரிடமும், ஏதாவது சும்மா கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே போனான். எங்கள் காலத்தில் அப்படிக் கேட்டால் விரட்டுவார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, பையில் இருந்த ரூன் வாளை அவன் திரையில் வைத்தேன். இரண்டாவது திரையை அவன் படிக்கவே இல்லை, உடனே அழுத்தினான். பிறகு, கையில் பிடிக்க முடியவில்லையே என்றான். 40-ஆம் படி வேண்டும் என்றேன். அதற்கு எங்கே போக வேண்டும் என்றான். லம்பிரிட்ஜ் போகும் வழி, கோழிப்பண்ணை, பிறகு பாலத்துக்குக் கிழக்கே மாடுகள், அதன்பின் கல்வட்டத்துக்கு மேற்கே ஒதுங்கி வர வேண்டும் என்று பொறுமையாக வரி வரியாக அடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். கவுண்டரில் நின்று வாளை விற்றுக்கொண்டிருந்தான்.